வேற என்று கேட்டவர்

அவர் கடையில் எதையும் உடனே வாங்கிவிட முடியாது. பணத்தை நீட்டினாலும் கை நீளாது. முதலில் கேள்வி. ஒரே கேள்விதான், அதையே திருப்பித் திருப்பிக் கேட்பார்.

நாய் என்ன சாப்பிடுகிறது என்பார். சோறு என்போம். "வேற?" கொஞ்சம் பால். "வேற?" அவ்வளவுதான் பாய். "வேற?"

அதட்ட மாட்டார். நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். மூட்டையிலிருந்து பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்பார். நாலாவது தடவை கேட்கும்போது எவனுக்கும் எரிச்சல் வரும். எனக்கு இரண்டாவது தடவையே வந்தது.

குடவாசல் போகிற சாலையில் இருந்தது கடை. குளத்து மீனுக்குத் தீவனம், கோழித் தீவனம், லவ் பேர்ட்ஸுக்குத் தினை, ஒரு ஓரமாக நாய், பூனைச் சாப்பாட்டு மூட்டைகள். சவூதியில் ஒட்டகத் தீவனக் கிடங்கில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பார்கள். என் வயதுதான் இருக்கும், நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பெயர் தெரியும். எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்க இப்போது ஆள் இல்லை.

நாய் பட்டால் தொழுகைக்கு ஆகாதாமே, பாய் நாய்க்குச் சோறு விற்கிறாரே என்று கேலி பேசியவர்கள் உண்டு. தொழுகைக்குப் போவதற்கு முன் கை கால் கழுவி, ஆணியில் கவர் போட்டுத் தொங்கும் வேறு சட்டையை மாட்டிக்கொள்வார். எதிர்க்கடைக்காரன் ஒருநாள் அதைச் சொல்லிச் சீண்டினான். "சட்ட ரெண்டு வச்சிருக்கேன், தண்ணியும் வருது. உனக்கென்ன?" என்றார். அதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

இன்னொரு நாள் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சொறி பிடித்த பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆறு தடவை 'வேற?' கேட்டுவிட்டார் இவர். அந்த ஆளுக்கு ரத்தம் ஏறிவிட்டது. இது கடையா, போலீஸ் ஸ்டேஷனா என்று கத்தினார். இவர் நூலைச் சுற்றிக்கொண்டே, "அங்க அடிப்பாங்க சார். இங்க கேக்குறேன், அவ்ளோதான்" என்றார். பிறகு அந்த ஆளின் மனைவிக்கு போன் போடச் சொன்னார். வீட்டில் ஆளுக்கொரு வடை என்று நாய்க்குத் தினம் நாலு வடை போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விற்கவில்லை. வடையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இப்படி யாவாரம் செய்தால் கடை நிற்குமா?

நான் போனது மினிக்காக. மினி என் தம்பியின் நாய். தம்பி மினி பஸ் ஓட்டினான். வண்டிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தான், அதனால் அந்தப் பெயர். சிப்பிப்பாறையும் தெருநாயும் கலந்த ஜாதி. தம்பி பைக்கில் போனபோது நெல் லாரி மோதிச் செத்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அவன் போனபிறகு நாய் இளைத்தது. துக்கம் என்றார்கள் சொந்தக்காரர்கள். துக்கத்தில் நாய்க்குக் காதில் சீழ் வருமா? வயிற்றால் போகுமா? வாந்தி எடுக்குமா? முட்டை கொடு என்றான் ஒருவன். ஈரல் கொடு என்றான் ஒருவன். கோழிக்கால் சூப் வைத்துக் கொடு என்றாள் ஒருத்தி. எல்லாம் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க இளைத்தது. ஒரத்தநாடு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பூச்சி இல்லை, ரத்தத்திலும் ஒன்றும் இல்லை, சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். கோழி, பால், கோதுமை இந்த மூன்றின் மேல்தான் சந்தேகம், இதுவரை தின்னாத ஏதாவது ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள், வேறு எதுவும் வாயில் படக்கூடாது என்றார்.

நாய் செத்தால் சாகட்டும் என்று இருந்திருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன். தம்பி போன நாளிலிருந்து அம்மா பேசுவதில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். ஒருநாள் கொல்லையில் உட்கார்ந்து மினியின் இடுப்பு எலும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து, "இதுவும் போயிடுமா?" என்றாள். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

மூட்டை நிறுக்கும் தராசில் என்னை நாயோடு ஏறச் சொன்னார். பிறகு நாயில்லாமல் ஏறச் சொன்னார். பன்னிரண்டே முக்கால் கிலோ. பேனாவின் பின்பக்கத்தால் காதைத் தூக்கிப் பார்த்தார். இந்த ஜாதியே ஒல்லிதானே பாய் என்றேன். விலா எலும்பு தெரியலாம், இடுப்பு எலும்பு இப்படி முட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, பதினேழு கிலோவாவது இருக்கவேண்டும் என்றார். பிறகு, ஓடுமா என்று கேட்டார்.

ஓடும். தம்பி ஓட்டிய பஸ்ஸை இப்போது வேறு ஒருவன் ஓட்டுகிறான். பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் மினி கூடவே ஓடும். வாய்க்கால் மதகு வரை, ஒன்றரை கிலோமீட்டர். மதகில் பஸ் நிற்கும்போது டிரைவர் பக்கம் போய் ஏறிட்டுப் பார்க்கும். திரும்பி வரும். ஒரு நாளைக்கு ஆறு நடை. இதை நான் சொல்லி முடித்தபோது நூல் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். கட்டிப்போடுங்கள் என்று முதலில் சொன்னார். இரண்டு நாள் கட்டினேன். கழுத்து அறுந்துபோகிற மாதிரி இழுத்தது. மூன்றாம் நாள் அம்மா அவிழ்த்துவிட்டாள். போய்ச் சொன்னேன். "ஓடட்டும்ணே. ஓடுறதுக்கும் சேத்துப் போடுவோம்" என்றார்.

சாப்பாடு தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பட்டறையில் கேட் வெல்டிங் பாதியில் கிடந்தது. ஒரு மூட்டையைக் காட்டி, இதில் ஆட்டுப் படம் போட்டிருக்கிறதே, இதைக் கொடுங்கள் என்றேன். மூட்டையைத் திருப்பினார். பின்னால் எறும்பு மாதிரி எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். முன்னால் ஆடு, பின்னால் பொருள் பட்டியலில் முதலில் இருந்தது கோழித்தூள். இன்னொன்றின் முன்னால் மீன், பின்னால் கோழிக் கொழுப்பும் கோதுமையும். படம் போடுகிறவனுக்கும் உள்ளே கொட்டுகிறவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. கடைசியில் மீனும் அரிசியும் மட்டும் உள்ள ஒன்றைத் திருச்சியிலிருந்து வரவழைத்தார். ஓடுகிற நாய் என்பதால் அதிலும் கொழுப்பு கூடுதலாக இருப்பதாகப் பார்த்துத்தான் எடுத்தார். ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று வேளையாகக் கொடுக்கச் சொன்னார். பஸ் வரும் நேரத்துக்கு முன்னால் போடவேண்டாம், ஓடி வந்து மூச்சு அடங்கியபின் போடுங்கள் என்றார்.

பத்து நாள் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. பிறகு பழையபடி வயிற்றால் போயிற்று. போய்ச் சொன்னேன்.

"வேற?" என்றார்.

வேறு ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் போனேன், அப்போதும் அதேதான். எனக்கு வெறி வந்துவிட்டது. உன் மூட்டைதான் சரியில்லை, அதைச் சொல்லத் துப்பில்லாமல் என்னைப் பொய்யன் என்கிறாயா, ஒட்டகத்துக்குப் புல் போட்டவனுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று நடுரோட்டில் கத்தினேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அதை எழுத மாட்டேன். அவர் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். சாத்திவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்கூட்டரை எடுத்து, "வீட்டப் பாக்கலாம், வாங்க" என்றார்.

வீட்டில் அடுப்படியைப் பார்க்கவில்லை, நாயின் தட்டையும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். மூன்றடிச் சுவர். அதன்மேல் வாழை இலைத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அது காக்காய்க்கு வைத்த இலை. தம்பி போனதிலிருந்து அம்மா தினம் மத்தியானம் வைக்கிறாள். அவனுக்குப் பிடித்ததை ஆக்கி, நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அங்கே ஒரு பிடி. எல்லா வீட்டிலும் செய்வதுதான். என்னென்ன கொடுக்கிறாய் என்று அவர் கேட்டபோதெல்லாம் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. யாருக்கும் வராது. அது செத்தவன் சாப்பாடு. அதை நாயின் சாப்பாட்டில் யார் சேர்ப்பார்கள்?

"காக்கா தின்னா எல இப்படி இருக்காதுண்ணே" என்றார் மெதுவாக. "பருக்கைய எறச்சிருக்கும். இது நக்கியிருக்கு."

அம்மா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாங்க பாய் என்றாள். மறைக்கவில்லை.

"மொதல்ல மூணு நாளு காக்காயே வரல. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட கட்டிப்போச்சு. எம்புள்ளைக்கு என்ன கொறையோன்னு இருந்துச்சு. நாலாம் நாளு இது ஏறித் தின்னுச்சு. கொழம்பு ஊத்துன பக்கத்தத்தான் மொதல்ல. அவனும் அப்படித்தான் திம்பான். அவன் அனுப்பித்தான் வருதுன்னு நான் வெரட்டல."

கோழிக் குழம்பு, முட்டை, தயிர்சோறு. நான் ஒரு பக்கம் திருச்சியிலிருந்து மூட்டை வரவழைத்து, மூன்று வேளை அளந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பக்கம் தினம் ஒரு பிடி விஷம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

அவர் அம்மாவிடம் வைக்காதீர்கள் என்று சொல்வார் என்று நினைத்தேன். டாக்டர் என்றால் சொல்லியிருப்பார். நான் என்றால் சுவரையே இடித்திருப்பேன். அவர் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"அவருக்கு என்ன புடிக்கும்மா?"

"கோழிக் கொழம்பு."

"வேற?"

"முட்ட. அரவேக்காடா."

"வேற?"

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். பரோட்டாவைப் பாலில் ஊறப்போட்டுத் தின்பான் என்றாள். உளுந்துச்சோறு என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ரெண்டு பொட்டுக்கடலை உருண்டை கேட்பான், ஒன்று கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்றாள். எனக்குத் தெரியாததெல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் 'வேற?' என்றார். கால் மணி நேரம் இருக்கும். தம்பி செத்ததிலிருந்து அம்மா மொத்தமாகப் பேசியது அவ்வளவு இருக்காது. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்த பல்லை நாக்கால் தொடுகிற மாதிரி இருந்தது.

கடைசியில் மீனில் வந்து நின்றாள். மீன் அவ்வளவாகத் தின்ன மாட்டான் என்றாள்.

"மத்தி மட்டும் கேப்பான். நாகப்பட்டினம் போனா வாங்கிட்டு வருவான். வீடே நாறுதுன்னு நான் ஆக்கித் தர மாட்டேன். இந்த நாயெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. ஒரு தடவ பையோட தூக்கித் தெருவுல எறிஞ்சேன். ஒருநாளும் ஆக்கிப்போட்டதில்ல."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே வந்து அவர் தானாக நிறுத்தியது அன்றைக்கு மட்டும்தான், நான் பார்த்த வரைக்கும்.

"மத்தி வாங்கி ஆக்குங்கம்மா" என்றார். "அவிச்சு, முள்ளெடுத்து, சோத்தோட பெசஞ்சு. பூசணிக்கா கொஞ்சம். வெங்காயம், மொளகா, புளி, உப்பு எதுவும் வேணாம்."

அம்மா நிமிர்ந்தாள். "உப்பில்லாத சோத்த எம்புள்ளைக்கு வைக்கச் சொல்றீங்களா?"

"உப்ப எல ஓரத்துல தனியா வைங்க. வேணுங்கறவங்க தொட்டுக்கிடட்டும்."

மறுநாள் என்னை மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பினாள்.

அவர் கிளம்பும்போது வாசலில் என்னைப் பார்த்தார். "வேற?" என்றார்.

"ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

அது பொய்.

அன்றிலிருந்து வீடு நாறியது. மினி சுவரில் ஏறி இலையைச் சுத்தமாக நக்கும், ஓரத்து உப்பைத் தொடாது. அந்த உப்பை அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். இப்போது சுவரில் அந்த ஒரு இடத்தில் மட்டும் பூச்சு பொரிந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பட்டறைக்காரன் வீட்டுச் சுவர் இப்படியா என்று கேட்கிறார்கள். பூசப்போவதில்லை.

வயிற்றால் போவது குறைந்தது. பன்னிரண்டே முக்கால், பதினான்கு ஆயிற்று. பதினான்கரை. அதோடு நின்றுவிட்டது. காதில் சீழும் முழுக்க நிற்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை தராசில் ஏறுவேன், ஒருமுறை 'வேற?' கேட்பார், ஒண்ணுமில்லை என்பேன். நான் முன்பு கத்தியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மத்தியான நேரத்தில் போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எப்போது பார்த்தாலும் ரசம் சோறு, ஒரு அவித்த முட்டை. தினம் இதேதானா பாய் என்று ஒருநாள் கேட்டேன். "இதான் ஒத்துக்குது" என்றார். அவர் வயிற்றுக்கு என்ன, யார் ஆக்கிக் கொடுக்கிறார்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அப்போது நான் 'வேற?' என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஊரையே கேட்ட மனுஷனை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் கடை திறக்கவில்லை. திரும்ப சவூதிக்கே போய்விட்டார் என்றான் எதிர்க்கடைக்காரன். நாகூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றான் இன்னொருவன். மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றும் ஒரு பேச்சு. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நான் விசாரித்திருக்கவேண்டும். விசாரிக்கவில்லை.

என் பொய்யைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

தம்பி தினம் காலையில் முதல் நடைக்கு முன்னால் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு பன் வாங்குவான். டீயில் நனைத்து, பாதியை அவன் தின்பான், பாதியை மினிக்குப் போடுவான். நானும் அதே கடையில்தான் டீ குடிப்பேன், வேறு பெஞ்சில். சாவதற்கு முன்னால் எட்டு மாதம் நானும் அவனும் பேசவில்லை. பட்டறைக்கு வா என்றேன், பஸ்ஸை விடமாட்டேன் என்றான், வார்த்தை முற்றிவிட்டது. அவன் போனபிறகும் மினி காலையில் அங்கே போய் உட்கார்ந்தது. யாரும் ஒன்றும் போடவில்லை. மூன்றாவது நாள் நான் ஒரு பன் வாங்கி, டீயில் நனைத்துப் போட்டேன். அன்றுமுதல் தினம். டாக்டர் கோதுமை வேண்டாம், பால் வேண்டாம் என்று சொன்னபிறகும். அம்மா வைத்த ஒரு பிடிச் சோற்றை விஷம் என்று நினைத்துக்கொண்டு நின்றேனே, அன்று காலையிலும்.

மத்தி ஆக்க ஆரம்பித்த ஐந்தாவது மாதம் தராசில் ஏறினேன். அதே பதினான்கரை. அவர் எழுதிவைத்துக்கொண்டு, "வேற?" என்றார். வழக்கம்போல நூலைச் சுற்றிக்கொண்டுதான் கேட்டார்.

"பன்னு" என்றேன்.

கை நின்றது. "எத்தன நாளா?"

"அவன் போனதுலேருந்து."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். உள்ளே போய், அந்த மீன் தீனியில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார்.

"டீக்கடைக்கு இத எடுத்துட்டுப் போங்கண்ணே. நனைக்கணும்னா வெந்நீரு கேளுங்க."

"பன்னு வாங்கலன்னா அது எழுந்து போயிடும் பாய்."

"வாங்குங்க. அத நீங்க தின்னுங்க."

மினி இப்போது பதினேழு கிலோ. காது சுத்தமாக இருக்கிறது. இடுப்பு எலும்பைக் கையால் தேடித்தான் தொடவேண்டும். இன்னும் மதகு வரை ஓடுகிறது. காலையில் டீக்கடையில் அதன் பங்கைத் தரையில் வைத்துவிட்டு, பன்னை டீயில் நனைத்துத் தின்கிறேன். எனக்கு நனைத்த பன் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. முழுசாகத் தின்று முடிக்கிற வரைக்கும் அது என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பஸ் வந்ததும் எழுந்து ஓடும்.